காஸ்வேயா, ஸ்மார்ட்டா?

சிவப்புக் கோட்டும் தோளில் பொன் சரிகையுமாக ஒரு பிரபு வீட்டு ராணுவ அதிகாரி. உள்ளங்கைக்குள் அடங்கும் தந்தத் தகட்டில் தீட்டிய சிற்றோவியத்தில் அவர் எப்படித் தெரிவார் என்பது, எந்த ஓவியர் முன்னால் உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்தது.

லண்டனில் ரிச்சர்ட் காஸ்வேயிடம் போனால் முதலில் கண்கள் பெரிதாகிவிடும். பின்னால் நீல வானம், கொஞ்சம் மேகம். நீர்வண்ணத்தை மெல்லிசாகத் தடவி, தந்தத்தின் வெளுப்பையே முகத்தின் ஒளியாக விட்டுவைப்பார். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லியை 1808இல் வரைந்தவரும் இவர்தான். அழகுதான், ஆனால் ஆளைவிட மிடுக்குதான் முன்னால் நிற்கும்.

ஜான் ஸ்மார்ட் வேறு ரகம். 1785 முதல் 1795 வரை மதராஸில் தங்கி, அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகளையும் ஆற்காட்டு நவாப் முகமது அலியையும் வரைந்தார். கண்ணோரச் சுருக்கத்தைக்கூட விடமாட்டார். மதராஸ் படங்களில் பெயரின் முதலெழுத்துகள், ஆண்டு, கூடவே இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். அதுவே ஒரு சுகம்.

காதலிக்குக் கொடுக்கக் காஸ்வே சரி. ஆளை அடையாளம் காண எனக்கு ஸ்மார்ட்தான். அப்புறம், அந்தக் காலத்துச் சிற்றோவியங்களைத் திருப்பிப் பாருங்கள்: சிலவற்றின் முதுகில், கண்ணாடிக்கு அடியில் ஒரு முடிக்கற்றை பின்னிக் கிடக்கும்.