வாட்ச் ரிப்பேர் கடையில் வாங்கிய பத்து மடங்கு லென்ஸ்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் போன மாசி மாதம் இந்த மடக்கு லென்ஸை வாங்கினேன். 450 ரூபாய். நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த வகை. எனக்கு எறும்பு பார்க்க வேண்டும்.

முன்னால் ஆன்லைனில் ஒன்று வரவழைத்து ஏமாந்தேன். முப்பது மடங்கு என்று பொறித்திருந்தது. நடுவில் மிளகளவுதான் தெளிவு, எறும்பின் காலோரம் நீலமும் மஞ்சளுமாகக் கோடு. இதில் அந்தத் தொல்லை இல்லை. கடைக்கார அண்ணன் கட்டம் போட்ட தாளை வைத்தே காட்டினார், ஓரம்வரை கோடு நேராக நின்றது.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பார்க்கும் பொருளை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பில், பட்டுப்போன மாங்கிளைப் பொந்தில் ஓர் எறும்பு குடியிருக்கிறது. நடு உடம்பு செம்மண் நிறம், தலையும் வயிறும் கறுப்பு. கொட்டினால் கடுகடுவென்று கடுக்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஆனால் அதன் இடுப்பில் இரண்டு முடிச்சு இருப்பது இந்த லென்ஸில்தான் தெரிந்தது. டெட்ராபோனெரா ரூஃபோநைக்ரா என்று அறிவியல் பெயர். ரூஃபோநைக்ராவுக்குச் செம்மை, கறுப்பு, அவ்வளவுதான் பொருள். பெயர் வைத்தவர் தாமஸ் ஜெர்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படை டாக்டர். பறவை ஆய்வுக்காகவே பேசப்படுகிறவர், தென்னிந்திய எறும்புகளுக்கும் 1851-இல் பட்டியல் எழுதினார். எங்கள் தோப்பு எறும்பை அந்த மனிதரும் இப்படித்தானே குனிந்து பார்த்திருப்பார் என்று நினைத்ததும் நெஞ்சு நிறைந்தது.

இதன் பெயருக்குப் பின்னால் ஜெர்டன் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். அவர் வேறு பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த வேறொரு தொகுப்பில், வைத்ததைப் பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள் என்று அர்த்தம். குதித்து இரை பிடிக்கும் ஹார்பெக்னதோஸ் சால்டேட்டர் என்ற எறும்புக்கு அடைப்புக்குறி கிடையாது. பேரினமும் அவர் வகுத்தது, இன்றும் அப்படியே நிற்கிறது. தேன்கனிக்கோட்டை போகும் வழியில் புளியமரத்தடியில் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்துவந்து பார்த்தேன். மேல்நோக்கி வளைந்த நீளத் தாடை, உள்விளிம்பில் அரம்போல நுண்பற்கள். வெறுங்கண்ணுக்கு அது வெறும் கம்பி.

குறை என்றால் மடக்குத் திருகுதான். இரண்டு முறை தளர்ந்தது, அண்ணன் காசு வாங்காமல் முடுக்கிக் கொடுத்தார். கயிறு கோக்க ஓட்டை இருக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், புல்லில் விழுந்தால் தேடி மாளாது.