ஊட்டி ரயிலுக்கு ஆள் பிடிக்கிறது: சைனா பாக்கெட்டா, கொலு பொம்மையா?

தோட்டத்துல தண்டவாளம் போட்டு மாடல் ரயில் ஓட்டுற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தத் தலைவலி வரும். இன்ஜின் இருக்கு, பெட்டி இருக்கு, ஸ்டேஷன் கூட கட்டியாச்சு, ஆனா பிளாட்பாரத்துல ஈ காக்கா இல்ல. என்னோடது குன்னூர் மாதிரி ஒரு ஸ்டேஷன், கோயம்புத்தூர்ல வீட்டுக்குப் பின்னாடி சப்போட்டா மரத்தடியில இருக்கு, ரெண்டு வருஷமா அதுக்கு ஆள் பொம்மை சேத்துக்கிட்டு இருக்கேன், காசும் கொஞ்சம் விட்டிருக்கேன்.

மொதல்ல அளவு. ஜெர்மனியோட எல்ஜிபி மாடல் ரயில் 1968ல வந்தப்போ எடுத்துக்கிட்ட 45 மிமீ பாதையை, அவங்க ஸ்கேலான 22.5ஆல பெருக்கிப் பாருங்க, 1012 மிமீ வரும், மீட்டர் கேஜ்தான். நம்ம ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ், அதனால 1:22.5, அதாவது நிஜத்துல 22.5ல ஒரு பங்கு, நமக்குக் கச்சிதம். அந்தக் கணக்குல 170 செமீ ஆளு 76 மிமீ, கிட்டத்தட்ட மூணு இஞ்ச். ஆனா அதே தண்டவாளத்துல 1:29 அமெரிக்க மாடலும் ஓடும், 1:32ம் ஓடும், அதுக்கெல்லாம் ஆளு 59, 53 மிமீதான். விக்கிறவங்க எல்லாத்தையும் 'ஜி ஸ்கேல்'னு ஒரே பேர்ல வித்துடுவாங்க, நாம ஏமாறுறதே இந்த இடத்துலதான்.

ஜெர்மனியோட பிரைசர் பொம்மை பத்தி ரொம்பப் பேச ஒண்ணுமில்ல. கையால பெயின்ட் பண்ணது, மூக்கு முழி எல்லாம் அப்படியே இருக்கும், ஒத்த ஆளுக்கே ஆயிரத்துக்கு மேல ஆகும், கஸ்டம்ஸ் தனி. ஒரே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வாங்கினேன், அதோட நிறுத்திக்கிட்டேன்.

சைனாவுல இருந்து பாக்கெட்டா வர்ற ஆள் பொம்மை தலைக்கு 40 ரூபா கிட்ட விழுந்துச்சு. பாக்கெட் மேல 1:25னு போட்டிருந்தான், ஸ்கேல் வச்சு அளந்தா 56 மிமீ, அதாவது 1:30. என் பெட்டிக் கதவு பக்கத்துல நிறுத்தினா மூணாங்கிளாஸ் பையன் கோட்டு போட்டு ஆபீஸ் கிளம்பின மாதிரி நிக்குது. அளவைக் கூட மன்னிச்சுடலாம், உடுப்பைத்தான் மன்னிக்க முடியல. எல்லாரும் கோட்டு சூட்டு, கையில ஒரு பெட்டி, பொம்பளைங்க எல்லாம் முட்டி வரைக்கும் கவுனு. குன்னூர் பிளாட்பாரத்துல ஒரு சேலை கூட இல்லன்னா அது என்னங்க குன்னூர்? போஸும் மொத்தம் பத்துதான், அதே ஆளு அஞ்சு தடவை திரும்பத் திரும்ப வர்றான். சரி, தூக்கிப் போட்டேனான்னா இல்ல. கால வெட்டிட்டு பெட்டிக்குள்ள உக்கார வச்சேன், அடியில கொஞ்சம் தெர்மகோல் குடுத்து ஜன்னல் உயரத்துக்குத் தூக்கி விட்டா அருமையா இருக்கு. மிச்சத்தை தூரத்து மேட்டுல வச்சுட்டேன், ஆளு சின்னதா இருக்கிறதால மேடு இன்னும் தள்ளி இருக்கிற மாதிரி கண்ணை ஏமாத்துது, அது ஒரு லாபம்.

பொம்மைக் கடை ஐட்டம்ல பிளேமொபில் 7.5 செமீ, உயரம் டக்குனு பொருந்தும், ஆனா அந்தத் தலையையும் வளையாத காலையும் பாத்தா யாருக்கும் தெரிஞ்சிடும். 54 மிமீ சோல்ஜர் பொம்மை 1:32. நமக்கு ஆகாது.

இப்ப கொலு பொம்மைக்கு வர்றேன். நவராத்திரி முடிஞ்ச மறுநாள் பிளாட்ஃபார கடையில மிச்சமிருந்த ஒரு சந்தை செட்டை பேரம் பேசி 350க்கு வாங்கினேன், எட்டு பேரு. காய்கறி விக்கிற பாட்டி, கூடை தூக்கின அம்மா, வேட்டி கட்டின பெரியவர்னு நமக்கு வேணும்ங்கிற ஜனம் மொத்தமும் அதுல இருக்கு, நிக்கிற ஆளு பெரும்பாலும் மூணு இஞ்ச்சே வருது. ஒரே செட்டுலயே ஒருத்தர் தலை பெருசு ஒருத்தர் தலை சின்னது, அது இருக்கத்தான் செய்யும், மூணடி தள்ளி நின்னு பாக்குறவங்களுக்குத் தெரியாது. செட்டியார் பொம்மை மட்டும் வேண்டாம், உக்காந்த நிலையிலேயே இன்ஜின் உயரத்துக்கு வந்துடுவாரு.

சிக்கல் என்னன்னா மழை. காகிதக்கூழ் பொம்மையை மறந்துபோய் ஒரு ராத்திரி வெளியில விட்டேன், காலையில பாட்டி வயிறு உப்பி, முகத்துப் பெயின்ட் கூடையில வழிஞ்சு கிடக்கு. சுட்ட மண்ணு தாங்கும், பெயின்ட்தான் உரியும், அதனால வாங்கும்போதே நகத்தால தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும். மேல ரெண்டு கோட் மேட் வார்னிஷ் அடிச்சு, ஸ்டேஷன் கூரைக்கு அடியில மட்டும் வச்சா போதும். கனம் அதிகம்ங்கிறதால காக்கா தூக்காது. சைனா ஆளுங்கள்ல ரெண்டு பேரை காக்கா கொண்டுபோயிடுச்சு, அதுக்கப்புறம்தான் கால்ல ஓட்டை போட்டு கம்பி சொருகி மண்ணுல குத்தி வைக்க ஆரம்பிச்சேன்.

3டி பிரிண்ட் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. அளவை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், அதுதான் பெரிய பிளஸ். ஆனா பிஎல்ஏங்கிற பிளாஸ்டிக்ல எடுக்காதீங்க, 60 டிகிரி பக்கத்துலயே இளகிடும், மே மாச வெயில்ல கறுப்பு பெயின்ட் அடிச்ச என் ரயில் கார்டு பொம்மை சாமி கும்பிடுற மாதிரி வளைஞ்சுட்டாரு. ரெசின் வழவழன்னு வரும், ஆனா வெயில்ல நாளாக ஆக நொறுங்கும், பெயின்ட் மூடி இருக்கணும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்னா ஓரளவு நம்பலாம்.

என் கணக்குல பெட்டிக்குள்ள சைனா, பிளாட்பாரத்துல கொலு. ரெண்டுலயும் கிடைக்காத ஆளு ஒருத்தர்தான், பிரேக்ஸ்மேன். மலை ஏறும்போது இன்ஜின் பின்னாடி இருந்துதானே தள்ளுது, ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் ஒருத்தர் பச்சைக்கொடி சிவப்புக்கொடியோட நிப்பாரே, அவரு. கோட்டு சூட்டுக்காரர் ஒருத்தரைப் பிடிச்சு, கைப்பெட்டியை பிளேடால வெட்டி எடுத்துட்டு, காக்கி அடிச்சு, பல்குத்தும் குச்சியில துணி ஒட்டிக் கொடுத்திருக்கேன். ஆளு கொஞ்சம் குள்ளம்தான், அதனால அவர் கால் கீழ ஒரு சின்ன மரக்கட்டை இருக்கு, கைப்பிடிக் கம்பி மறைச்சுக்கும்.