குளச்சல் போர் கிராபிக் நாவலும் என் 4,800 ரூபாயும்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டிப் புத்தகம் போட உதவுகிற இணையத் தளம் ஒன்று. அதில், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரைப் பற்றிய கிராபிக் நாவலுக்கு 4,800 ரூபாய் கட்டினேன். எனக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று, இரண்டும் கெட்டி அட்டைப் பதிப்பு. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, சென்ற வாரம்தான் நாகர்கோவில் வீட்டுக்குப் பார்சல் வந்தது. பேரன் ஆசையாக விரித்தான். நடுப்பக்கங்கள் கொத்தாக அவன் கையோடு வந்துவிட்டன. அடிப்பேனோ என்று பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறான்!

நான் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புத்தகத்தின் முதுகைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. ஃபாரம் ஃபாரமாக, அதாவது பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சிட்டு, மடித்துத் தைத்து, கெட்டி அட்டை போட்டுத் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். வந்திருப்பது உதிரித் தாள்களை அடுக்கி, முதுகில் பசையைத் தடவி, மெல்லிய அட்டையை ஒட்டிய சரக்கு. முதுகைச் சொரசொரப்பாக்கினால்தான் தாளில் பசை ஏறும். அதைக்கூடச் செய்யவில்லை. விரலால் தள்ளினால் பசை முழு நீளத்துக்கு உரிந்து வருகிறது. தாள் 170 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 170 கிராம் எடை) ஆர்ட் பேப்பர் என்று தளத்தில் போட்டிருந்தார்கள். என் கையில் இருப்பது பள்ளி நோட்டுக்குப் போடுகிற மெல்லிய மேப்லித்தோ. ஒரு பக்கத்தில் பீரங்கி வெடித்தால் மறுபக்கத்தில் மார்த்தாண்ட வர்மாவின் முகத்தில் கரி படிகிறது.

எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அடுத்தவரையும் அப்படித்தான் நம்பவைப்பார்கள். மாதிரிப் பக்கங்கள் என்று எட்டுப் பக்கம் காட்டினார்கள். அதில் ஒரு பக்கம். டச்சுக் கப்பலிலிருந்து ஒருவன் தொலைநோக்கியால் கரையைப் பார்க்கிறான். வட்டத்துக்குள் வரிசை வரிசையாக ஆட்கள், எல்லோர் தோளிலும் துப்பாக்கி. அடுத்த கட்டத்தில் நாம் கரையில் நிற்கிறோம். துப்பாக்கி இல்லை, அத்தனையும் துடுப்பு! மீனவர்களைத் துடுப்போடு நிறுத்தி டச்சுக்காரர்களை ராஜா ஏமாற்றினார் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். அந்தக் கதையை ஒரு வசனம்கூட இல்லாமல் இரண்டே கட்டத்தில் சொல்லியிருந்தார் அந்த ஓவியர். முன்வரிசையில் நிற்கும் கிழவரின் துடுப்புப் பிடியில் உப்பு பூத்திருந்தது. கடற்கரையில் நின்று பார்க்காதவர் கையில் அந்த வெள்ளை வராது.

பணம் கட்டுமுன் சில கேள்விகள் எழுதி அனுப்பினேன். அன்று இரவே திட்டத்தை நடத்துகிற இளைஞர் அழைத்தார். “அண்ணே, எங்கள் அம்மா வீடு தக்கலைப் பக்கம். உதயகிரிக் கோட்டைக்குள் ஓடி விளையாடியவன் நான்” என்றார். குளச்சலில் பிடிபட்டுப் பிறகு ராஜாவின் படைத்தளபதியான டச்சுப் படைத் தலைவர் டிலனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது என்பதை நான் சொல்வதற்குள் அவர் சொன்னார். “நம் ஊர்க் கதையை நாம் சொல்லாவிட்டால் யார் அண்ணே சொல்வார்கள்?” அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்ததுதான் 4,800 ரூபாய். “நன்றாகச் செய்யுங்கள் மக்களே” என்று வாழ்த்து வேறு.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். அந்த எட்டுப் பக்கமும் இதில் இல்லை. அதை வரைந்தவரும் இல்லை. வேறு யாரோ வரைந்திருக்கிறார்கள், யார் என்று பெயர்கூடப் போடவில்லை. ராஜாவின் வாள் ஒரு கட்டத்தில் வலக்கையில், அடுத்த கட்டத்தில் இடக்கையில். ஒரே படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். திரையில் பார்க்கத்தான் 72 புள்ளி போதும், அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அச்சகத்தில் டீ வாங்கி வரும் பையனுக்கும் இது தெரியும். இவர்கள் திரைப் படத்தையே இழுத்துப் பெரிதாக்கியதில் முகமெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து கிடக்கிறது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குளச்சல் கரையில் டச்சுக்காரர்கள் இறங்குகிற காட்சியில், பின்னால் கடலுக்குள் நிற்கிறார் திருவள்ளுவர்! 133 அடிச் சிலை, 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறந்தது. அது இருப்பதும் கன்னியாகுமரியில். மார்த்தாண்ட வர்மா திருவனந்தபுரம் தலைநகரில் அமர்ந்து ஆணையிடுகிறார். அவர் காலத்தில் தலைநகர் பத்மநாபபுரம், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அது திருவனந்தபுரத்துக்குப் போனது. தக்கலைப் பக்கம் அம்மா வீடு என்ற அந்த இளைஞருக்குப் பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை கண்ணில் படவில்லை போலும்.

கதையா? முக்கால் புத்தகம் ஒரு டச்சுச் சிப்பாயின் காதல் கடிதங்கள். கடைசிப் பக்கத்தில் டிலனாய் படகிலிருந்து மணலில் கால் வைக்கிறார். கீழே ஒரு வரி: ‘போர், இரண்டாம் பாகத்தில்.’ குளச்சல் போர் என்று அட்டையில் போட்ட புத்தகத்தில் போர் இல்லை! ஒரே பாகத்தில் முழுக்கதை என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். இரண்டாம் பாகத்துக்குத் தனியாக நிதி திரட்டப் போகிறார்களாம்.

பணம் கட்டும்வரை நான் ‘அண்ணே’. கட்டிய பிறகு ‘சார்’. பேப்பர் விலை ஏறிவிட்டது சார், அச்சகத்தில் நெருக்கடி சார், ஓவியருக்கு உடம்பு சரியில்லை சார். புத்தகம் வந்தபின் அழைத்தால் எடுப்பதில்லை. ‘அன்புள்ள ஆதரவாளரே’ என்று தொடங்கி ஒரு செய்தி மட்டும் வந்தது. கலைப் படைப்பில் சிறு மாறுபாடுகள் இயல்பாம். பக்கம் கழன்று விழுவது சிறு மாறுபாடு!

தளத்துக்காரர்கள் அதற்கும் மேல். “நீங்கள் பொருள் வாங்கவில்லை, ஒரு படைப்பாளியை ஆதரித்தீர்கள். தரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்று பதில். அவர்தான் எடுக்கவில்லையே ஐயா என்று எழுதினால், அதே பதில் எழுத்து மாறாமல் மறுபடி வருகிறது. என் 4,800 ரூபாயில் தங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டபோது இந்தப் பொறுப்பின்மை எங்கே போயிருந்தது?

எப்படிக் கவனமாக இருப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மாதிரிப் பக்கம் வரைந்தவரே முழுப் புத்தகமும் வரைகிறாரா, முழுக்கதையா முதல் பாகமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தாள், பைண்டிங் விவரம் இருக்கும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். ‘170 ஜி.எஸ்.எம்.’ என்று நான் பார்த்த இடத்தில் இப்போது ‘உயர்தரத் தாள்’ என்று இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் கொடுத்துவிட்டேன். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 4,800 ரூபாய்க்கு வழக்கா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், வழக்குத்தான்.

இதே புத்தகத்துக்குப் பணம் கட்டிய வேறு யாராவது நம் மாவட்டத்தில் இருந்தால், பார்சல் பெட்டியையும் ரசீதையும் எறிந்துவிடாதீர்கள். தளத்தில் ‘பெற்றுக்கொண்டேன், திருப்தி’ என்று ஒரு பொத்தான் வரும், அதை அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் உங்கள் புகாரை முடிந்துவிட்டதாகக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.