நிலச் சட்டம் பிடிக்கும் என்றால் எந்த நாற்காலி?

சிங்கப்பூரில் நிலத்துக்குப் பெரிய முதலாளி அரசாங்கம்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), தொழிற்பேட்டைகளைக் கவனிக்கும் ஜேடிசி போன்ற கழகங்களையும் சேர்த்துக்கொண்டால் தீவில் சுமார் 90 விழுக்காடு நிலம் அரசின் கையில் இருக்கிறது. அதனால் நிலச் சட்டத்தில் ருசி கண்ட சட்ட மாணவர்கள் அரசாங்கத்துக்கு வேலை பார்க்கலாமா என்று யோசிப்பது இயல்பு. வீட்டில் அப்பா அம்மாவுக்கும் ‘அரசாங்க வக்கீல்’ என்றால் ஒரு திருப்தி. ஆனால் அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நின்று அதே சட்டத்தைப் படிக்கும் மூன்றாவது வேலையும் உண்டு. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, அப்பர் பிக்கரிங் ஸ்திரீட்டில் உள்ள தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம். பேச்சில் ஏஜிசி. அரசின் மீது சிவில் வழக்கு வந்தால் பிரதிவாதியாகத் தலைமைச் சட்ட அதிகாரியின் பெயர் வரும். வாதாடப் போவது அதன் சிவில் பிரிவு. நில விவகாரத்தில் இவர்கள் கையில் இருக்கும் ஆயுதம் கொஞ்சநஞ்சம் இல்லை. 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் 5ஆம் பிரிவைப் பாருங்கள். இன்ன நிலம் இன்ன காரணத்துக்குத் தேவை என்று அரசிதழில் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பே தேவைக்கு முடிவான சான்று. அரசமைப்பிலும் சொத்துரிமைப் பிரிவு கிடையாது. மலேசிய அரசமைப்பில் உள்ள 13ஆம் விதியை, பிரிந்து வந்தபோது சிங்கப்பூர் வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் நீதிமன்றத்தில் வாதாட என்னதான் மிஞ்சும்? தீய நோக்கம், பாகுபாடு என்ற இரண்டு சந்துகள்தாம். இரண்டிலும் பெரிய வழக்குகள் வந்திருக்கின்றன. 1983ல் எடுக்கப்பட்ட ஒரு நிலம் இருபது ஆண்டுகளுக்கு மேல் மேம்படுத்தப்படாமலே கிடந்தது. தேவையே இல்லாமல் எடுத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பழைய உரிமையாளரான நிறுவனம் கேட்டது. சும்மா கிடந்ததாலேயே தீய நோக்கம் நிரூபணமாகிவிடாது என்று 2007ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று நம்மவர்களுக்குப் பழக்கமான இடம். பார்ட்லி எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய ஜின் லோங் சி கோயில் நிலத்தை எடுப்பதாக 2003ல் அறிவிப்பு வந்தது. பக்கத்தில் உள்ள ராமகிருஷ்ண மிஷனையும் தேவாலயத்தையும் விட்டுவிட்டு எங்கள் கோயிலை மட்டும் எடுப்பது சமத்துவமா என்று பக்தர்கள் சிலர் அரசமைப்பின் 12ஆம் விதியைக் காட்டி வழக்குப் போட்டார்கள். 2009ல் அதுவும் தள்ளுபடி. தீர்ப்பைப் படிக்கும்போது சட்டம் புரிகிறது. மிஷனுக்குப் போய்வருகிற ஒருவருக்கு, அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் மனநிலையும் புரியும். ஏஜிசி நாற்காலியில் உட்காருகிறவர் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அரசுப் பக்கம் எழுந்து நிற்க வேண்டும். அது முடியாது என்று தோன்றினால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

எல்லா வழக்கிலும் அரசு ஜெயிக்கும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சிங்கப்பூருக்குள் மலேசியாவின் கையில் இருந்த மலாயா ரயில்வே நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பாடு கண்டு, 2011 ஜூலை 1 முதல் தஞ்சோங் பகார் நிலையம் மூடப்பட்டது. அந்த நிலங்களுக்கு மாற்றாக மரினா சவுத்திலும் ஓஃபிர்-ரோச்சோரிலும் இடம் தரப்பட்டது. தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் நிலங்களுக்கு மேம்பாட்டுக் கட்டணம் செலுத்தியாக வேண்டுமா என்ற தகராறு மட்டும் நடுவர் மன்றத்துக்குப் போனது. வேண்டியதில்லை என்று 2014ல் தீர்ப்பு வந்தது. அதாவது சிங்கப்பூர் வாதம் எடுபடவில்லை. அரசு ஏற்றுக்கொண்டது. இப்படி நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே நிலம் வந்து நிற்கிற விவகாரம் வேண்டுமென்றால் ஏஜிசியைத் தவிர வேறு இடம் கிடையாது.

அங்கே குறை என்னவென்றால், நிலம் உங்கள் முழுநேர வேலையாக இருக்காது. சட்டச் சேவை அதிகாரியை எந்தப் பிரிவுக்கும், எந்த அமைச்சுக்கும் அனுப்பலாம். இன்று கையகப்படுத்தல், நாளை மருத்துவமனை மீதான வழக்கு, அடுத்து குற்றவியல் பிரிவு. சட்டத்தின் மீது ஆசை உள்ளவருக்கு இது வரம். நிலத்தின் மீது ஆசை உள்ளவருக்குச் சலிப்புத் தட்டும்.

நிலத்தின் மீதுதான் ஆசை என்றால் நியூட்டன் ரோட்டில் ரெவென்யூ ஹவுஸுக்குப் போக வேண்டும். சிங்கப்பூர் நில ஆணையம் அங்கேதான். நில அலுவலகம், நிலப் பதிவகம், நில அளவைத் துறை ஆகியவற்றை ஒன்றாக்கி 2001 ஜூனில் சட்ட அமைச்சின் கீழ் உருவான ஆணையம் அது. மேலே சொன்ன அறிவிப்புக்குப் பின் விசாரணை நடத்தி, இழப்பீடு இவ்வளவு என்று தீர்மானிக்கும் நில வருவாய் கலெக்டர் இங்கேதான் இருக்கிறார். ஊரில் ஜீப்பில் வரும் மாவட்ட கலெக்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவருக்கு நிலம் மட்டும்தான் வேலை.

இங்கே வழக்கறிஞரின் நாள் பெரும்பாலும் காகிதத்தில் கழியும். வட்டாரத்தைக் குறிக்கும் ஒரு முக்கிம் எண், மனையைக் குறிக்கும் ஒரு லாட் எண், ஒரு வரைபடம். அரசிதழில் போகும் எண்ணும் வரைபடத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அரசு குத்தகையில் ‘இன்ன பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று வரும் ஒரு வரியை எழுதுவது. கோயில் திருவிழாவுக்குப் பக்கத்துக் காலி அரசு நிலத்தில் கூடாரம் போட டிஓஎல் எனப்படும் தற்காலிக உரிமம் கேட்பார்கள்; அது குத்தகை ஆகிவிடாதபடி வாசகம் இருக்க வேண்டும். ஊரில் புறம்போக்கில் பல காலம் குடியிருந்து பட்டா வாங்கிய கதைகள் நமக்குத் தெரியும். இங்கே அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அரசு நிலத்தில் வேலியைத் தள்ளிப் போட்டால் அதற்கென்றே 1883ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காத்திருக்கிறது.

சுவாரசியமில்லாத வேலையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொது நிலத்தில் வரும் பெரிய சண்டைகள் பல, என்றோ ஒருநாள் எழுதிய அல்லது எழுதாமல் விட்ட ஒரு வரியில்தான் பிறக்கின்றன. ஃபெர்ன்வேல் லிங்கில் சீனக் கோயிலுக்கென்று வீவக ஒப்பந்தப்புள்ளி கோரிய நிலத்தை லாப நோக்குள்ள ஒரு நிறுவனம் வென்றது. அங்கே வணிக நோக்கில் அஸ்தி மாடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் குடியிருப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். 2015ல் அந்த நிறுவனம் விலக வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்புள்ளியில் யார் கலந்துகொள்ளலாம் என்ற வரியை முதலிலேயே இறுக்கமாக எழுதியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து.

கேலாங் லோரோங் 3 வேறு மாதிரி. 191 வரிசை வீடுகளின் குத்தகை 2020 டிசம்பர் 31ல் முடிகிறது, நிலம் அரசுக்குத் திரும்புகிறது என்று ஆணையம் 2017ல் அறிவித்தது. குத்தகை முடிந்தால் இழப்பீடு இல்லை. சட்டத்தில் விவாதிக்க ஒன்றுமே இல்லாத விஷயம். ஆனால் குடியிருந்த முதியவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டுமே! வீடு வீடாகப் போய்ப் பேசுவது வழக்கறிஞர் வேலையா என்று கேட்டால், இந்த நாற்காலியில் அதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

ஆணையத்தில் புது வேலைக்கும் பஞ்சமில்லை. நில உரிமையாளருக்குத் தரைக்கடியில் எவ்வளவு ஆழம் சொந்தம் என்பதை 2015 திருத்தம் வரையறுத்தது: பட்டயத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் சிங்கப்பூர் உயர அளவுக்கோட்டுக்கு (கிட்டத்தட்ட சராசரிக் கடல் மட்டம்) கீழே 30 மீட்டர் வரை. 2022 ஆகஸ்டில் மூன்று பழைய கட்டணங்களை ஒன்றாக்கி நில மேம்பாட்டுக் கட்டணம் வந்தது. அதை நிர்வகிப்பதும் ஆணையம்தான். வீவக, ஜேடிசி ஆகியவற்றின் சட்டப் பிரிவுகளும் கிட்டத்தட்ட இதே ரகம், வட்டம் மட்டும் சிறியது.

மூன்றாவது, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் உள்ள தனியார் நிறுவனம். சம்பளத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மேலே போகப் போக இங்கேதான் அதிகம், தூக்கமும் இங்கேதான் குறைவு. கலெக்டர் தீர்மானித்த இழப்பீடு போதாது என்று நில உரிமையாளருக்காக மேல்முறையீட்டு வாரியத்தில் நிற்கும் வாய்ப்பு இந்தப் பக்கம்தான். 2007க்கு முன்பு அதில் பெரிதாகச் சாதிக்க முடியாது. 1980களின் தொடக்கத்தில் எடுத்த நிலத்துக்கு 1973 நவம்பர் 30 அன்றைய விலையைத்தான் உச்சவரம்பாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். கம்போங் நாள்களை நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் அந்தக் கசப்பு இன்னும் இருக்கும். 2007 திருத்தம் சந்தை விலை என்று மாற்றியது. அன்றிலிருந்து சண்டை மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகளுக்கு இடையே நடக்கிறது. எந்தப் பக்கத்து வீட்டு விற்பனையை ஒப்பிடலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பதில் திறமையைக் காட்டலாம். கட்சிக்காரரின் தொகையை உயர்த்தித் தர முடியும். நிலத்தை மீட்டுத் தருவேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

என்னைக் கேட்டால், முதலில் ஏஜிசி, அப்புறம் நில ஆணையம் என்பேன். நீதிமன்றத்தில் ஒரு வாசகத்தை எதிர்த்தரப்பு எப்படிப் பிய்க்கும் என்று பார்த்தவர் எழுதும் குத்தகைக்குத் தனி உறுதி இருக்கும். தனியாரில் தொடங்கினாலும் தவறில்லை, உரிமையாளரின் கோபத்தை நேரில் கேட்டுவிட்டு அரசுப் பக்கம் வருகிறவர்கள் நல்ல அதிகாரிகளாவார்கள். ஒன்றை மட்டும் நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிடுங்கள்: ஆணையத்தில் சேருவது ஆணையத்தின் சொந்த ஊழியராகவா, சட்டச் சேவையிலிருந்து அனுப்பப்படுபவராகவா? இரண்டாவது வகை என்றால், நிலம் கைக்குப் பழகிவரும் நேரத்தில் மாற்றல் கடிதம் வரலாம்.