டெப்பே பல்லிடை பிரஷ்: அளவு பொருந்தினால்தான் பலன்

பல் துலக்கும் பிரஷ் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பற்களின் பக்கவாட்டுப் பரப்பை அதன் இழைகளால் முழுமையாக எட்ட முடிவதில்லை. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது அந்த இடுக்குகளில்தான் என்பதால், காலையும் இரவும் தவறாமல் பல் துலக்குபவர்கள்கூட, ஈறு கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்போது நம்ப மறுக்கிறார்கள். இந்த இடுக்கைச் சுத்தம் செய்வதற்கென்றே உள்ள கருவி, பல் மருத்துவமனைகளில் ‘இன்டர்டென்டல் பிரஷ்’ என்று சொல்லப்படும் பல்லிடை பிரஷ். ஸ்வீடனின் மால்மோ நகரில் 1965இல் முக்கோண வடிவ மரப் பற்குச்சியுடன் தொடங்கிய டெப்பே நிறுவனத்தின் பல்லிடை பிரஷை நான் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

பால் புட்டி கழுவும் பிரஷை நகத்தளவுக்குச் சுருக்கியது போன்ற தோற்றம். மெல்லிய கம்பியைச் சுற்றி நைலான் இழைகள், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறிய பிளாஸ்டிக் பிடி, அவ்வளவுதான். கம்பியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பல்லின் வேர்ப்பகுதியில் உரசினாலும் கூச்சம் எடுப்பதில்லை. தாடை எலும்பில் டைட்டானிய உலோக வேர் பதித்துச் செயற்கைப் பல் (இம்ப்ளான்ட்) பொருத்தியவர்களுக்கு இந்தப் பூச்சு இன்னும் முக்கியமானது, ஏனெனில் வெறும் கம்பி டைட்டானியப் பரப்பில் கீறல் விழச் செய்யலாம்.

இந்தப் பொருளின் வெற்றியும் தோல்வியும் அளவில்தான் இருக்கிறது. இளஞ்சிவப்பு 0.4 மி.மீ., ஆரஞ்சு 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7, பச்சை 0.8 என்று தொடங்கி ஊதா, சாம்பல், கறுப்பு வரை ஒன்பது அளவுகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே வாயில் கீழ் முன்பற்களுக்கு ஓர் அளவும் கடைவாய்ப் பற்களுக்கு வேறோர் அளவும் தேவைப்படுவது சாதாரணம். பெரும்பாலோருக்கு இரண்டு அல்லது மூன்று அளவுகள் வேண்டியிருக்கும். இழைகள் இருபுறமும் பல்லைத் தொட்டு இலேசான தடையுடன் உள்ளே போக வேண்டும், ஆனால் கம்பி பல்லில் உரசக் கூடாது. எளிதாக வழுக்கிக்கொண்டு போனால் அது சிறிய அளவு, அதனால் எந்தப் பயனும் இல்லை. அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் அது பெரிய அளவு, அதனால் ஈறுதான் புண்ணாகும். இத்தனை நுட்பமான தேர்வை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு, ஒரே ஓர் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ‘எல்லாருக்கும் இதுதான் சார் போகுது’ என்று விற்கும் மருந்துக் கடைகளை என்னவென்று சொல்வது? முதல் முறை வாங்குபவர் பல் மருத்துவரிடம் அளவு பார்த்துக்கொள்வது நல்லது. அது முடியாதவர்கள் பல அளவுகள் கலந்த பாக்கெட்டை வாங்கிச் சோதித்த பிறகு, பொருந்தும் நிறத்தை மட்டும் தனியாக வாங்கலாம்.

பயன்படுத்தும் முறை எளிதுதான் என்றாலும் கைக்குப் பழக வேண்டும். பற்பசை தேவையில்லை. இரவில் பல் துலக்குவதற்கு முன் ஒவ்வோர் இடுக்கிலும் நேராக நுழைத்து, இழைகளின் முழு நீளமும் படும்படி சில முறை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கடைவாய்க்குப் போகும்போது வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகிப் பிரஷை உள்ளே விடாது. வாயைச் சற்று மூடிக்கொண்டு, கம்பியை விரலால் இலேசாக வளைத்துக்கொண்டால் வழி கிடைக்கும். கூர்மையாக மடித்தால் கம்பி விரைவில் முறிந்துவிடும் என்பது இவ்வகைப் பிரஷ்கள் அனைத்துக்கும் பொருந்தும்.

தொடக்கத்தில் இரத்தம் கசிவதைப் பார்த்துப் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் கசிவே அழற்சியின் அடையாளம். 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஈறு கொண்டவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலத்தை நாள்தோறும் கலைத்தால் ஆரம்ப நிலை அழற்சி தானே அடங்கும் என்பதே அதன் பொருள். எனக்கும் ஓரிரு வாரங்களில் கசிவு நின்றுவிட்டது. அதற்கு மேலும் தொடர்ந்தால் மருத்துவரிடம் போவதுதான் முறை. புகைபிடிப்பவர்கள் இரத்தம் வரவில்லை என்பதை வைத்து நிம்மதியடையக் கூடாது, புகைப்பழக்கம் கசிவை மறைத்துவிடும்.

நம் ஊரில் ‘க்ளீனிங் பண்ணினால் பல்லுக்கு நடுவே சந்து விழுந்துவிடும்’ என்ற பயம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சந்து ஏற்கெனவே இருக்கிறது; ஈறு இறங்கிய இடத்தை, பல்லில் படிந்து இறுகிய காரை அடைத்துக்கொண்டிருந்தது, அதை எடுத்ததும் வெளியே தெரிகிறது. அப்படித் திறந்த இடுக்குகளில் ஊக்கையும் ஈர்க்குச்சியையும் விட்டுக் குத்துபவர்களுக்குத்தான் இந்த பிரஷ் மிகுதியாகப் பயன்படும். ஆனால் கல்லாக இறுகிவிட்ட காரையை இது எடுக்காது. அதற்கு மருத்துவரின் கருவியே வேண்டும். ஈறு விளிம்புக்குக் கீழே சுமார் 2 மி.மீ. வரைதான் இது எட்டும், ஆகவே ஆழமான ஈறுப் பைகள் (ஈறு பல்லைவிட்டு விலகியதால் உண்டாகும் பள்ளங்கள்) உள்ளவர்கள் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பல்லிடைச் சுத்தம் பற்றிய 35 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் மதிப்பாய்வு, பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் நூலைவிட (ஃப்ளாஸ்) பல்லிடை பிரஷ் கூடுதல் பலன் தரக்கூடும் என்றது. சான்றுகளின் உறுதி குறைவு என்பதையும் அதே மதிப்பாய்வு சேர்த்தே சொன்னது. என் அனுபவத்தில், பற்கள் நெருக்கமாக நிற்கும் இளவயதினருக்கு நூல்தான் பொருந்தும். இளஞ்சிவப்பு அளவுகூட நுழையாத இடத்தில் வலுக்கட்டாயமாக எதையும் நுழைக்கக் கூடாது. தண்ணீர் பீய்ச்சும் கருவி, பற்களுக்குக் கம்பி போட்டிருப்பவர்களுக்கு வசதியானது, ஆனால் ஒட்டிய படலத்தை உரசி எடுப்பது போல் ஆகாது.

விலைதான் உறுத்தல். இழைகள் கலைந்ததும் மாற்ற வேண்டும் என்பதால் இரண்டு அளவுகள் பயன்படுத்துபவருக்கு இது தொடர் செலவு. இணையத்தில் பெயர் தெரியாத மலிவுப் பாக்கெட் ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். பூச்சில்லாத கம்பியும், வாயிலேயே உதிர்ந்த இழைகளும் அந்தச் சேமிப்பை அர்த்தமற்றதாக்கிவிட்டன. ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவி, மூடி போடாமல் காற்றாட உலர வைத்தால் ஒரு பிரஷ் ஏறத்தாழ ஒரு வாரம் தாங்குகிறது.