படிப்புக்கான உதவித்தொகை: நிபந்தனையோடா, நிபந்தனை இல்லாமலா?

பிள்ளை பள்ளிக்கு வந்தால்தான் ஏழைக் குடும்பத்துக்குப் பணம் என்பது சரியா?

முறை: மெக்சிகோவின் ப்ரோக்ரெசா உதவித்தொகைத் திட்டம் (1997) வருகைப்பதிவு பார்த்துத் தாயிடம் பணம் தந்தது. மொராக்கோவின் தய்சிர் என்ற உதவித்தொகைச் சோதனையில் ஒரு பிரிவுக்கு, நிபந்தனை இல்லாமல் "இது படிப்புக்கு" என்று மட்டும் சொல்லித் தந்தார்கள்.

செலவு: கண்காணிப்பு இல்லாததால் தய்சிர் வழி மலிவு.

பெற்றோரின் ஆசை: மெக்சிகோவில் சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும் என்ற நிபந்தனைப்படி அங்கே போன தாய்மார், டாக்டர், நர்ஸுகளிடம் பழகினார்கள், பிள்ளைகள் மேல் வைத்த எதிர்பார்ப்பும் உயர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த விளைவு இது. மொராக்கோவில் அரசே படிப்பை முன்னிறுத்தியதால் பெற்றோருக்கும் அதன் பலனில் நம்பிக்கை கூடியது. அங்கே வேறு பிரிவுக்கு நிபந்தனை சேர்த்தும் பெரிதாக எதுவும் கூடவில்லை.

சிறு பிள்ளைகளுக்கு நிபந்தனை வேண்டாம். வேலையும் கல்யாணமும் இழுக்கும் வயதில் அது உதவலாம். ஆனால் படிப்பை விட்ட பெண்ணுக்குப் பணமும் நின்றுவிடும். அதுதான் உறுத்துகிறது.