கிளி இறகைப் பிடுங்குகிறதா? 'கோர்ஸ்' விற்கிறவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள்

ரூ.18,500. முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் கிளிக்கு மருந்து 'கோர்ஸ்' விற்ற ஆள் நேற்று ராத்திரி என்னை பிளாக் செய்ததிலிருந்து மண்டைக்குள் இந்த நம்பர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பப்பு ஆப்பிரிக்கன் கிரே கிளி. மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்து வளர்க்கிறோம். கொஞ்ச காலமாக நெஞ்சிலும் சிறகுக்கு அடியிலும் இறகைப் பிடுங்கிக்கொள்கிறான், காலையில் தட்டை இழுத்தால் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாக வரும், பார்க்கவே வயிற்றைப் பிசையும். அப்போதுதான் பறவை ஆலோசனை என்று பக்கம் நடத்தும் ஒருவன் கண்ணில் பட்டான். தீனி, கூண்டு, மருந்து எல்லாம் ஆன்லைனில் விற்கிற ரகம், 'முன்', 'பின்' என்று படங்கள் வரிசையாகப் போட்டிருப்பான். பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

வீடியோ காலில் அவன் கேட்ட முதல் கேள்வியே, "அக்கா, பப்புவோட தலையைக் காட்டுங்க." காட்டினேன். "பாருங்க, தலையில இறகு அப்படியே இருக்கு. அலகு எட்டாத இடம் அது ஒண்ணுதான். அப்போ அவனேதான் பிடுங்கிக்கிறான், வைரஸா இருந்தா தலையும் கொட்டியிருக்கும். பயப்படாதீங்கக்கா, நான் பார்த்துக்குறேன்." இவ்வளவு விவரமாகப் பேசுகிறவனை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அதற்குப் பிறகு தினமும் ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வேறு, "பப்பு சாப்பிட்டானா?" என்று. சொந்தத் தம்பி மாதிரி. "30 நாள் கோர்ஸ், இறகு வரலைன்னா முழுப் பணமும் வாபஸ்" என்றான், ரூ.18,500-ஐ ஒரே தவணையில் அனுப்பினேன்.

வந்தது என்ன தெரியுமா? லேபிளே இல்லாத ஒரு ஸ்ப்ரே, ஒரு சொட்டு மருந்து, கழுத்தில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் காலர், கூண்டில் தொங்கவிட ஒரு வில்லை. பூச்சி வராதாம். வில்லையைப் பிரித்தால் அப்படியே அந்துருண்டை நாற்றம். ஸ்ப்ரே முழுக்க எண்ணெய். கிரே கிளிக்கு உடம்பெல்லாம் மாவு மாதிரி ஒரு தூள் இருக்கும், எண்ணெய் பட்டதும் அது இறகோடு பிசுக்காக அப்பிக்கொண்டது, பப்பு அதைச் சுத்தம் செய்கிறேன் என்று இன்னும் வெறியாகப் பிடுங்கி நெஞ்சில் ரத்தமே வந்துவிட்டது.

போட்டோ அனுப்பினேன். "பழசு விழுந்தாத்தானே அக்கா புதுசு வரும்" என்றான். அப்புறம் "ஏசி ரூம்ல வெச்சிருப்பீங்க, அதான்." அப்புறம் "ரெண்டாவது கோர்ஸ் போட்டாத்தான் பிடிக்கும்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. மிச்ச மருந்தை கூரியரில் அனுப்பச் சொன்னான், அனுப்பினேன், "சீல் பிரிச்சிருக்கு, ரீஃபண்ட் வராது" என்கிறான். சீல் பிரிக்காமல் எப்படிடா ஸ்ப்ரே அடிப்பது? என் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் சார்" என்று கட் பண்ணுகிறான்.

இதைவிடக் கொடுமை ஒன்று. பப்பு நன்றாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றை அவன் கேட்டு அனுப்பியிருந்தேன். அதை 'பின்' படமாகப் போட்டிருக்கிறான். கால் வளையத்தில் உள்ள எண் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் பிள்ளையைக் காட்டி இன்னொருத்தரிடம் ரூ.18,500 வாங்கப் போகிறான், அதுதான் தாங்கவில்லை.

பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போனோம். எடை, ரத்தம், எச்சம், எக்ஸ்ரே. சாப்பாடு, தூக்கம், குளியல், வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்று எல்லாம் கேட்டார். தலையைப் பார்த்துச் சொன்னது பாதி உண்மைதானாம், கிளியே பிடுங்குகிறது என்றுதான் அதில் தெரியும், ஏன் பிடுங்குகிறது என்று தெரியாது. ஈயமோ துத்தநாகமோ உள்ளே போயிருக்கலாம், கல்லீரல் கெட்டிருக்கலாம், வெறும் சூரியகாந்தி விதையால் விட்டமின் ஏ குறைந்திருக்கலாம், தனிமையாகக்கூட இருக்கலாம். இப்படிப்பட்ட கிளிகளில் பூச்சி காரணமாக இருப்பது அபூர்வமாம், அவன் விற்றதோ பூச்சி வில்லை! நெஞ்சில் சில இடத்தில் இறகு வேர் கெட்டுப்போயிருந்தால் திரும்ப முளைக்காமலே போகலாம் என்கிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். கிளியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் மருந்து தருகிறவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். லேபிள் இல்லாத பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். அந்துருண்டை வாசனை வருகிற எதுவும் கூண்டுப் பக்கம் கூடாது. குளிக்க வெறும் தண்ணீர் போதும். டாக்டர் சொல்லாமல் காலர் மாட்டாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. உங்களிடமும் யாராவது முதலில் "தலையைக் காட்டுங்க" என்று ஆரம்பித்து ரூ.18,500 வாங்கியிருந்தால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.